ஒரு நூல் நீளமான போல்ட்டுகள்

கிரீஸ் அப்பிய கையோடு கடைக்குள் வந்து, என் பில் புத்தகத்தின் மேலேயே அந்தக் கையை ஊன்றி நிற்கும் என் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. நங்கையா (அண்ணியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) நன்றாக இருக்கிறார்கள். சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை. நான் தினமும் உங்கள் வீட்டுக்குப் போய் உடன் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறேன். என் மகள் வள்ளி டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாள். பொங்கலூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் கிளம்பும்போது, "மாமன் இருந்திருந்தா பஸ்ஸ ஸ்கூல் வாசல்லயே நிறுத்தச் சொல்லியிருப்பாருங்கம்மா" என்று சொல்லி அழுதாள்.

நல்ல சேதி இவ்வளவுதான். மற்றதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். என் தலையில் கை வைத்து நீங்கள் வாங்கிக்கொண்ட சத்தியத்தை நான் மீறிவிட்டேன் அண்ணா. மீறியதோடு நிற்கவில்லை. இந்தக் கடிதத்தை நம் மெக்கானிக்குகள் போடும் ஆண்டு மலரில் அச்சடிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே முதலிலிருந்து சொல்கிறேன் என்றால், மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிற காலம் அது. அந்த நாலு சிலிண்டர் எஞ்சின் திருப்பூருக்கு வந்தபோது நீங்கள் புதுமாப்பிள்ளை போலத் திரிந்தீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி அமைப்பு, மூன்று அளவு. சின்னது வேனுக்கு, நடுவாந்தரம் லாரிக்கு, பெரியது பஸ்ஸுக்கு. ஃபில்டர் மூன்றுக்கும் ஒன்றுதான். வாட்டர் பம்ப் இரண்டுக்குப் பொருந்தும். "ஒரு வயித்துப் புள்ளைங்க அம்மிணி, ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குப் பத்தும்" என்பீர்கள். பத்தாத இடங்களும் இருந்தன. அவற்றைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை.

வள்ளியின் அப்பா டைபாய்டில் போனபோது அவர் நடத்திய ஸ்பேர்ஸ் கடையை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நீங்கள் மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காரு அம்மிணி" என்றீர்கள். எட்டாவது வரை படித்த நான், இங்கிலீஷ் கேட்லாக்கைப் பக்கம் பக்கமாக உருப்போட்டேன். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டு வாசலிலேயே நிற்பார்கள். "இல்லீங்க, நம்பரச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்பேன். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி நின்றது. என் கையால் கொடுத்த சாமானில் ஒன்றுகூடத் தவறிப் போனதில்லை என்று லாரி ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வாரம் பனியன் கம்பெனி வேனில் தண்ணீர் குறைகிறது என்று உங்கள் பட்டறைக்கு வந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போது பழைய போல்ட்டில் இரண்டு உடைந்துவிட்டது. மறுநாள் காலையில் ஊத்துக்குளியில் முதலாளி வீட்டுக் கல்யாணம். கம்பெனிப் பெண்களை அந்த வேனில்தான் ஏற்றிப் போக வேண்டும். நீங்கள் என்னிடம் வந்து, "வேன் எஞ்சினுக்கு ஹெட் போல்ட் ஒரு செட் புதுசு குடு அம்மிணி" என்றீர்கள். அன்று பார்சல் ஆபீஸிலிருந்து சரக்கு வந்து கடையே இறைந்து கிடந்தது. பிரித்த பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மேலே ஒட்டியிருந்த நம்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீட்டினேன்.

"பிரிச்சுப் பாத்துக்கோங்ணா."

"நீ குடுத்தா நான் எதுக்குப் பாக்கோணும்?" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. ஓட்டியது மயில்சாமி, உங்கள் பள்ளிக்கூடத் தோழர். ஹெட் மாட்டிய பிறகு முதல் ஓட்டம் என்பதால் எஞ்சின் சத்தம் கேட்க நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எனக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தது. பின்னால், தார்ப்பாய்க்குள், நூல் சுற்றும் பெண்கள் பன்னிரண்டு பேருடன் நானும் ஏறிக்கொண்டேன். பட்டுப் புடவை கசங்காமல் உட்கார இடம் இல்லாமல் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது.

பாதி வழியில் முன்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. "மயிலு, சூட்டு முள்ளப் பாரு." இன்னும் கொஞ்ச தூரம் போவதற்குள் வெள்ளைப் புகை பின்னால் சுருண்டு வந்து தார்ப்பாய்க்குள் நுழைந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ரோடு மேடேறியது. காவல் இல்லாத ரயில்வே கேட் அது. "ஓரங்கட்டு! ஓரங்கட்டு மயிலு!" என்று நீங்கள் கத்தியபோது முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கிவிட்டது. பட்டென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. வேன் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நின்றது.

ஸ்டார்ட்டரை இரண்டு முறை போட்டார் மயில்சாமி. முக்கி முனகியதே தவிர எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அப்போதுதான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ரயில் ஊதியது.

பின் பலகையின் கொக்கி சிக்கிக்கொண்டது. உள்ளே பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் பலகையை இடித்தோம். நீங்கள் ஓடி வந்து ஒரு கருங்கல்லால் அடித்தீர்கள். மூன்றாவது அடியில் பலகை விழுந்தது. நாங்களும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். எழுந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். நானும் ஓடினேன்.

"ஓடாதீங்க! ரயில்ல சனம் இருக்குது! தள்ளுங்க!"

உங்கள் குரல் அப்படிக் கிழிந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினோம். மயில்சாமி நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். யாராவது உள்ளே இருந்து திருப்பினால்தான் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறும். பட்டுப் புடவைகளோடு பன்னிரண்டு பெண்களும் நானும் நீங்களும் முதுகைக் கொடுத்துத் தள்ளினோம். பின் சக்கரம் தண்டவாளத்தில் முட்டி முட்டித் திரும்பியது. காலுக்கடியில் சரளைக்கல் அதிர்ந்தது. ரயில் எஞ்சினின் கரும்புகை தெரிந்தது; பிறகு அதன் முகம் தெரிந்தது. "இன்னொரு மூச்சு! இன்னொரு மூச்சு!" என்றீர்கள். சக்கரம் ஏறியது. "உடுங்க! எல்லாம் தள்ளிப் போங்க!" என்று எங்களை இரண்டு கையாலும் பள்ளத்தில் தள்ளினீர்கள்.

வேன் முழுதாகத் தப்பவில்லை. ரயில் அதன் பின் மூலையைத் தட்டிவிட்டுப் போனது. தட்டியதுதான், ஆனால் வேன் பம்பரம் போலச் சுற்றிச் சரிவில் உருண்டது. மயில்சாமி உள்ளே இருந்தார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எத்தனை மாதம் கட்டுப் போட்டும் கால் குட்டையாகவே கூடியது. இடது கால் அண்ணா. கிளட்ச் மிதிக்கிற கால்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு வந்தேன். புடவையெல்லாம் புழுதி. எதற்காக அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன் என்று தெரியவில்லை. வேன் எஞ்சினின் ஹெட் போல்ட் செட், பிரிக்காமல், பெட்டியின் அடியில் கிடந்தது. அப்படியானால் நான் உங்களுக்குக் கொடுத்தது பஸ் எஞ்சினுடையது. இரண்டு நம்பருக்கும் கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். போல்ட்டிலும் தடிமன் ஒன்று, மரை ஒன்று. நீளம் மட்டும் ஒரு நூல் கூடுதல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூல் போதும். போல்ட் துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனரில் நன்றாக இறுகியது போலவே தெரியும். ஹெட்டை மட்டும் அது சரியாக அழுத்தாது. சும்மா ஓடவிட்டால் தெரியாது. பாரம் ஏறும்போது ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகடு பிய்ந்து தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

பட்டறைக்கு ஓடி வந்தேன். கட்டி இழுத்து வந்த வேனின் ஹெட்டை நீங்கள் அதற்குள் கழற்றியிருந்தீர்கள். போல்ட்டுகள் மண்ணெண்ணெய் டின்னுக்குள் கிடந்தன. உங்கள் கையில் ஸ்கேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினீர்கள்.

"அண்ணா, தப்பு என்னுதுங்ணா. மாத்திக் குடுத்துட்டேன். நான் சொல்லீர்றேன்."

"வாய மூடு அம்மிணி."

"மயிலண்ணன் கால்..."

"அவங்கால நீ சொன்னா ஒட்டவெச்சுருவியா? நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பொம்பள கையில ஸ்பேர் வாங்குனா இப்படித்தான்னு சொல்றதுக்கு ஊரே காத்துட்டு இருக்குது. நாளைக்கே கடைய மூடோணும். வள்ளிக்கு என்ன வயசு? ஒம்பது. அப்பறம் அவளக் கூட்டிட்டு எங்க போவே?"

"அதுக்காக நீங்க..."

"நானும் அளந்து பாத்திருக்கோணும். பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாக்காம எவன் மாட்டுவான்? பாதி என்னுதுதான். மீதியையும் நானே வெச்சுக்கறேன்." பிறகு என் தலையில் கையை வைத்தீர்கள். "இது ரண்டு பேருக்குள்ளதான். உன்ற மேல சத்தியம்."

நான் பதில் சொல்லுமுன் பனியன் கம்பெனி முதலாளியும் லாரி ஸ்டாண்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன்.

"என்னாச்சு வேலுச்சாமி? புது போல்ட், புது கேஸ்கெட். எப்படிப் போச்சு?" என்றார் முதலாளி.

"போல்ட்ட நான் சரியா முறுக்கலீங்க."

"முறுக்கலையா? நீயா?"

"அவசரத்துல உட்டுட்டனுங்க. தப்பு என்னுதுங்க."

ரயில்வே போலீஸ் கேட்டபோதும் அதையேதான் சொன்னீர்கள். வார்த்தை மாறவில்லை. அன்று முதலாளி போகும்வரை நான் தடுப்புக்குப் பின்னாலேயே நின்றேன். பத்தடி தூரம்தான் இருக்கும். நான் ஏன் வெளியே வரவில்லை? சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். நீங்கள் சொல்லித் தந்த காரணங்களைவிட, எனக்கு வந்த நல்ல பெயர் போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆறே மாதத்தில் உங்கள் பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. பட்டறைச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பல்லடத்தில் ஒரு பஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். அங்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான், பெரியது. அதற்கான சாமானுக்கு ஒவ்வொரு தடவையும் என் கடைக்கே வந்தீர்கள். பொட்டலத்தைப் பிரித்து ஒருநாளும் நீங்கள் அளக்கவில்லை. அளந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மயில்சாமி வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போவீர்கள். உள்ளே கூப்பிடாமல் அவர் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நங்கையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருடம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும்.

மாசியில் ஒரு காலை, ஷெட்டில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தண்ணீர் கேட்டுவிட்டு, குடிப்பதற்குள் போய்விட்டீர்கள். கருமாதியன்று பந்தியில் ஒருவர், கெட்ட எண்ணத்தோடு அல்ல, சும்மா சொன்னார்: "நல்ல மனுசனுங்க. என்ன, அந்த வேன்ல போல்ட்ட முறுக்காம உட்டுட்டாப்ல." பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றச் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த நான் அவர் இலையில் ரசத்தை ஊற்றினேன். நீங்கள் எத்தனை எஞ்சினுக்கு உயிர் கொடுத்தீர்கள்? ஊருக்கு நினைவிருந்தது நீங்கள் செய்யாத ஒரு தப்பு. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை அண்ணா. அன்றும்.

அடுத்த வாரம் வீரபாண்டிக்குப் போனேன். மயில்சாமி சாயப்பட்டறைக் கேட்டருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தடியைத் தொடைமேல் படுக்கவைத்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு வருசமுங்க அம்மிணி" என்றார். "அவன் வாசல்ல வந்து நிப்பான். 'மயிலு, சௌக்கியமா'ம்பான். நான் மூஞ்சியில அடிச்சாப்பல கதவச் சாத்துவேன். ஒரு நாளு மழை. அப்பயும் சாத்துனேன். இத நீங்க அவன் இருக்கறப்பச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கோணுங்க."

"போங்க. இங்க நிக்காதீங்க. எனக்கு என்ன வாய்ல வருமோ தெரியாது."

நான் திரும்பி நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து தடி தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அன்னிக்கு லாரி ஸ்டாண்டுக்காரங்க முன்னால அவன் தலையக் குனிஞ்சு நின்னான். அங்க போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள், மெக்கானிக்குகள், எல்லாரும் டீக்கடையைச் சுற்றி நிற்கிற நேரம். அவர்களில் பாதிப் பேர் என் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.

வேன், போல்ட், ஒரு நூல் நீளம், நீங்கள் சொன்ன பொய், தகரத் தடுப்பு, எல்லாம் சொன்னேன். உட்காரச் சொல்லி யாரோ ஸ்டூல் நீட்டினார்கள், உட்காரவில்லை. நீங்கள் அன்றே சொன்ன வார்த்தை அப்படியே பின்னாலிருந்து வந்தது.

"அதான், பொம்பளகிட்ட ஸ்பேர் வாங்குனா..."

"ஏய், வாய மூடுறா."

திரும்பிப் பார்த்தேன். மயில்சாமி. பஸ் பிடித்து வந்திருந்தார். கூட்டம் விலகியது. அவர் தடியை ஊன்றி ஊன்றி நடுவே வந்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

"மாத்திக் குடுத்தது அம்மிணி. மாட்டுனது அவன். முள்ளு ஏறுறதப் பாத்தும் கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு ஓட்டுனது நானு. இத்தன நாளு எல்லாத்தையும் அவன் ஒருத்தனே சொமந்துட்டான். அவன ஒரு வார்த்த உள்ள கூப்புட்டு, நெசமா என்னடா நடந்துச்சுன்னு நான் கேட்டிருக்கோணும். கேக்கல."

கூட்டத்தில் ஒருவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், ஏதோ இழவு வீட்டில் நிற்பது போல.

அதன் பிறகு கடை எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். சிலர் வருவதில்லை. பனியன் கம்பெனிக்காரர்கள் கோயமுத்தூரிலிருந்து சாமான் தருவிக்கிறார்கள். வருகிறவர்கள் பொட்டலத்தை என் முன்னாலேயே பிரித்து அளக்கிறார்கள். முதல் நாள் குத்தியது. இப்போது நானே ஸ்கேலை எடுத்து நீட்டுகிறேன். கடை நிற்குமா, தெரியவில்லை. வள்ளியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள், "எனக்காக மறைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றாள். சரி என்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை மயில்சாமி உங்கள் வீட்டுக்கு வந்தார். வாசற்படி உயரம், குட்டைக் காலால் ஏற முடியவில்லை. நங்கையா கை கொடுக்கப் போனார்கள். வேண்டாமென்று தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிலையைப் பிடித்துத் தானே ஏறினார். உங்கள் படத்துக்கு எதிரே கீழே உட்கார்ந்தார். நங்கையா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"வேலு, உள்ள வந்துட்டன்டா" என்றார்.

பிறகு காப்பியை எடுத்து முழுவதும் குடித்துவிட்டு, நங்கையாவிடம் இன்னொரு டம்ளர் கேட்டார்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. அந்த வேன் கதையை யார் எந்த இடத்தில் எடுத்தாலும், அது வள்ளியின் கல்யாணப் பந்தலாக இருந்தாலும், பேச்சை நிறுத்தி, "போல்ட்ட மாத்திக் குடுத்தவ நான்" என்று சொல்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்வேன். சத்தியத்தை மீறியதற்குக் கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

உங்களோடு கூடப் பிறந்த தங்கை,
ருக்குமணி